முன்பணம் வாங்கிய தர்பூசணி

காய் பறிக்கவேண்டிய காலையில் அப்பா, அம்மா, நான், பறிப்புக்கு வந்த பெண்கள் எல்லோரும் வயலில் இருந்தோம். வியாபாரி வரவில்லை. அவருடைய லாரியும் வரவில்லை.

படப்பை ஊரிலிருந்து உள்ளே தள்ளி, என்றைக்கு வேண்டுமானாலும் வீட்டுமனையாகப் போகும் மணல் நிலம் அது. குத்தகைக்கு எடுத்துத் தர்பூசணி போட்டிருந்தோம். காயை விற்றுக் குத்தகை கட்டினால்தான் நிலம் இன்னொரு வருஷம் எங்களிடம் இருக்கும். கொடி பூத்தபோதே வியாபாரி வயலைச் சுற்றிப் பார்த்து, விலை பேசி முன்பணம் கொடுத்திருந்தார். அதை வாங்கிவிட்டால், அவர் வேண்டாம் என்று சொல்லும்வரை வேறு ஆளுக்குக் காயைக் கொடுக்கக்கூடாது. எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம்.

தர்பூசணிக்கு ஊசியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்று ஒரு வீடியோ அந்த வாரம் எல்லோர் போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது; கடைகளில் பழம் வாங்க ஆளில்லை. மறுநாள் வேறொரு வியாபாரி வந்தார்.

“அண்ணே, அவரு வரமாட்டாரு. கிலோ நாலு ரூபா போட்டுக்கிறேன். இப்பவே ஏத்திடலாம்.”

“அவரு வாயால வேணாம்னு சொல்லட்டும்பா,” என்றார் அப்பா.

“போனையே எடுக்கல. வாயால எங்கேந்து சொல்லுவாரு?” என்றாள் அம்மா.

வந்தவர் போய்விட்டார். ஒரு வாரம் காத்திருந்தோம். வெயிலில் காய்கள் கொடியிலேயே வெடிக்க ஆரம்பித்த பிறகுதான், “வண்டி பேசு” என்றார் அப்பா.

தேறியதை ஏற்றிக்கொண்டு ஊரப்பாக்கத்தில் ஜிஎஸ்டி ரோட்டோரம் குவித்தோம். ஸ்கூட்டரில் வந்த ஒரு அக்கா, வீடியோவில் காட்டியதுபோல, வெட்டி வைத்த துண்டில் டிஷ்யூவை அழுத்தினார். சிவப்பு ஒட்டியது.

“அது பழத்தோட சாறுதான்க்கா. எதை அழுத்தினாலும் ஒட்டும்,” என்றேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். படித்த தாவரவியலை வைத்துப் பொறுமையாக விளக்கினேன்.

“படிச்ச பையனா இருக்கே. நீயே இப்படிப் பண்ணலாமா?” என்று வண்டியைக் கிளப்பினார்.

பைக்கில் நின்ற ஒருவன் சிரித்தான். “இன்னா மச்சான், ஒரு காய்க்கு எத்தினி ஊசி?”

அப்பா அவனுக்குக் காட்டுவதற்காக இன்னொரு பழத்தை வெட்டினார். பிறகு இன்னொன்று. மதியத்துக்குள் வெட்டியதெல்லாம் ஈ மொய்த்துக் கிடந்தது. மிச்சத்தை மாடுகளுக்குக் கொட்டினோம்.

குத்தகை கட்ட முடியவில்லை. சித்திரையில் நிலத்துக்காரர் மனைக்கல் நட ஆள் அனுப்பினார். விதை, உரம், கூலி, வண்டி வாடகை எல்லாம் கூட்டி, கைக்கு வந்ததைக் கழித்ததில், எங்கள் கையை விட்டுப் போனது அறுபத்தோராயிரம் ரூபாய்.