சித்தப்பாவுக்கு ஒரு சாவுத் தேதி

எங்கள் பெரியப்பா வம்சாவளி எழுதப் புறப்பட்டது பரம்பரைப் பெருமை பொங்கி வழிந்ததால் அல்ல. அவர் பெண்ணைப் பார்க்க வந்த நாலாவது மாப்பிள்ளை வீட்டாரும் கேசரியை வழித்துத் தின்றுவிட்டு, ‘ஊருக்குப் போய்க் கடிதாசி போடறோம்’ என்று எழுந்து போனதால்தான். கடிதாசி வரவில்லை. பெரியப்பா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் ஓடினார்.

“உங்க வீட்ல யாருக்கோ திதி குடுக்காம வுட்டிருக்கீங்க. அந்த ஆத்மா வாசல்லயே நிக்குது. வர்ற மாப்பிள்ளைய எல்லாம் அதான் தொரத்துது” என்றார் ஜோசியர்.

பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது முடிந்திருந்தது. ஐம்பதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் அது சாதாரண வயதல்ல. தெருவில் போகிறவன்கூட நின்று விசாரிக்கிற வயது. பெரியப்பா அன்று சாயங்காலமே கடைத்தெருவில் அகலமான தாள் ஒன்று வாங்கி வந்து கூடத்தில் விரித்தார். திதி விட்டுப்போன ஆவி எதுவென்று கண்டுபிடிக்க மொத்த வம்சத்தையும் வரிசையில் நிற்கவைத்து ஆஜர் எடுப்பது என்று தீர்மானம். எடுபிடி நான். அந்த வருஷம்தான் பிறப்பு இறப்பு பதிகிற ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன்.

“ஊர்ல எவன் பொறந்தான், எவன் செத்தான், எல்லாம் உன் கையில இருக்குது. உனக்கு இன்னாடா கஷ்டம்?” என்றார் பெரியப்பா.

கஷ்டமா? ஒன்றுமில்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் இருந்த எங்கள் பூர்வீக கிராமத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் நின்றுகொண்டே போய், மணியக்காரர் வீட்டுப் பரணில் கிடந்த பழைய பதிவுப் புத்தகங்களை இறக்கித் தும்மினேன், அவ்வளவுதான். எங்கள் கொள்ளுத் தாத்தாவுக்கு ஆறு ஆண் குழந்தைகள் பிறந்ததாக அதில் இருந்தது. ஆறுக்கும் பெயர் இல்லை. ‘ஆண்’, ‘ஆண்’, ‘ஆண்’ என்று எழுதியிருந்தது. பெயர் வைக்கும்வரை குழந்தை பிழைத்திருக்கும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் யாருக்கும் இல்லை. வைத்த பிறகு போய்ச் சொல்லும் பொறுமையும் இல்லை. இந்த ஆறில் எங்கள் தாத்தா எந்த ‘ஆண்’ என்று தெரியவில்லை. பெரியப்பா யோசிக்கவேயில்லை. “மூணாவது போடு. மூணாவது புள்ளைங்கதான் நம்ம வம்சத்துல உருப்பட்டிருக்குது” என்றார். அவர் மூன்றாவது பிள்ளை.

அதே தாத்தா இரண்டு தடவை செத்திருந்தார். டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை, பதினோரு நாள் கழித்துக் கிராமத்தில் ஒரு தடவை. கருமாதிச் சாப்பாடு சாப்பிட்ட பிறகுதான் தலையாரிக்கு ஞாபகம் வந்து மணியக்காரரிடம் சொல்லியிருப்பான். என் கதையே ஒன்றும் ஒழுங்கில்லை. பதிவுப்படி ஐப்பசியில் பிறந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் எல்லாப் பிள்ளைகளுக்கும் போல எனக்கும் ஜூன் மாதத்தைத் தருமம் பண்ணிவிட்டார். ஆக, என் அம்மா என்னைப் பெறுவதற்கு நாலு மாதம் முன்பே நான் சர்க்கார் கணக்கில் உயிரோடு இருந்திருக்கிறேன். கல்யாணங்களுக்கோ எந்தப் பதிவும் கிடையாது. மஞ்சள் தடவிய பத்திரிகை எந்தப் பெட்டியின் அடியில் கிடக்கிறதோ அவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படியாக உண்மை கம்மியும் ஊகம் ஜாஸ்தியுமாக வம்சாவளி வளர்ந்து, எல்லோருக்கும் ஒரு சாவுத் தேதி கிடைத்தது. ஒருவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. என் சித்தப்பா.

சித்தப்பா கல்யாணம் ஆன நாலாம் வருஷம் சந்நியாசம் வாங்கப் போனவர். உலகத்தில் இருக்கிறவனெல்லாம் சந்நியாசியாக வேண்டுமென்றால் ரயிலேறி எங்கள் ஊருக்கு வருவான். எங்கள் ஊரிலேயே பிறந்தவன் எங்கே போவான்? காசிக்குப் போகிறேன் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். பதினாலு வருஷம் ஆயிற்று. சித்தி எங்கள் வீட்டோடு இருந்தாள். பிள்ளை இல்லை. மாடு, அடுப்பு, கிணறு, எங்கள் எல்லோருடைய துணி, பெரியம்மாவின் முழங்கால் வலிக்குத் தைலம், எல்லாம் அவள்தான். நெற்றியில் காலணா அளவு குங்குமம். தலையில் தினமும் ஒரு கிள்ளுப் பூ. புருஷன் ஓடிப்போனாலும் அவள் சுமங்கலி என்பதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை, ஜோசியர் வாயைத் திறக்கும்வரை.

“வாசல்ல நிக்கிறவன் இவன்தான்” என்று பெரியப்பா தாளில் சித்தப்பா பெயர்மேல் விரலை ஊன்றினார். “செத்துப் போயிருக்கான். தேதி மட்டும் கெடச்சிடிச்சினா திதி குடுத்து முடிச்சிடலாம்.”

“காசியில செத்திருந்தா எப்படிப் பெரியப்பா கண்டுபிடிக்கறது?” என்றேன்.

“போடா பைத்தியக்காரா. காசியில இருக்கறவனே சாகறதுக்கு இங்க வரான். அண்ணாமலையில பொறந்தவன் அங்கயா சாவான்? கெளம்பி வந்திருப்பான். எவன் கண்ணுலயும் படாம எதனா மண்டபத்துல செத்திருப்பான். உன் புஸ்தகத்துலதான் இருப்பான், பாரு.”

சொல்லக்கூடாது, அந்த வாதத்தில் எனக்கே ஒரு மரியாதை வந்தது.

மத்தியானம் ஹெட் கிளார்க் சாப்பிட வீட்டுக்குப் போகிற ஒரு மணி நேரத்தில் பெரியப்பா ஆபீசுக்கு வருவார். இறப்புப் பதிவேட்டை எடுத்துக் கொடுப்பேன். எங்கள் ஊர்ப் பதிவேட்டில் பக்கத்துக்கு நாலைந்து பேராவது ‘பெயர் தெரியவில்லை, ஆண், பரதேசி’. வயது ‘சுமார் நாற்பது’ அல்லது ‘சுமார் அறுபது’. நடுவில் எந்தப் பரதேசியும் செத்ததில்லை. காரணம் காய்ச்சல், பேதி, முதுமை, இந்த மூன்றில் ஒன்று. பெரியப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, புடவைக் கடையில் உட்கார்ந்தவர் மாதிரி ஒவ்வொரு பிணமாகப் புரட்டினார்.

“இது வாணாம்டா. சித்திரை வெயில்ல எவன் அடுப்பு முன்னாடி நிக்கறது?”

“இது புரட்டாசி. நாம கவிச்சி தொடாத மாசந்தான், ஆனா சனிக்கிழமைத் தளிகையும் இதுவும் ஒண்ணா வந்தா பொம்பளைங்க சண்டைக்கு வருவாங்க.”

“இதுவா? மல்லாட்டை புடுங்கற மாசம். ஆளுங்களுக்குக் கஞ்சி ஊத்துவமா, இவனுக்குத் திதி குடுப்பமா? தள்ளு.”

மூன்றாம் நாள், தை மாதத்தில் செத்த ஒரு பரதேசியிடம் வந்து நின்றார். வயது சுமார் நாற்பது, காரணம் பேதி. விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். தாத்தா திதிக்கு மறுநாள் வந்தது. ஒரே சமையல், ஒரே புரோகிதர், மிஞ்சின வடையைக்கூட மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

“இவன்தான்டா என் தம்பி!” என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நிஜமான தண்ணீர். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் விஷயத்தை அறிவித்தார். நான் சித்தப்பா பெயரை அந்தப் ‘பெயர் தெரியவில்லை’ இருக்கிற இடத்தில் எழுதி ஒரு நகல் கொடுத்துவிட வேண்டும். சொந்தக்காரர்களுக்குக் காட்டினால் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பிறகு முறைப்படி காரியம். காரியம் என்றால் முழுக் காரியம். பதினாறாம் நாள் சித்தியின் அண்ணன்மார் வந்து கோடிப் புடவை போடுவார்கள், பங்காளி வீட்டுக் கிழவிகள் சேர்ந்து சித்தியின் பூவைப் பிய்த்து, வளையலை உடைத்து, குங்குமத்தை அழித்து, தாலியை இறக்குவார்கள். அதற்குப் பிறகு பெரியப்பா பெண்ணின் கல்யாணத்தில் அவள் சமையல்கட்டை விட்டு வெளியே வரக்கூடாது. எந்தப் பரதேசியோ பேதியில் போனதற்கு இந்தத் தண்டனை.

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த சித்தி அடுத்த இலைக்கு நகர்ந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியம்மா மட்டும், “என் பொண்ணு கரையேறணுமே, நான் இன்னா பண்ணட்டும்” என்று முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் வாயைத் திறந்தேனா என்றால், இல்லை. அவர் போட்ட சோற்றில் படித்தவன். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஆபீசில் பேனாவை மையில் தோய்த்து, துடைத்து, மறுபடி தோய்த்தேன். பதிவேட்டில் கை வைத்தால் வேலை போகும். வைக்காவிட்டால் வீடு போகும். அந்தப் பேதிப் பரதேசியின் சாவை வந்து சொன்னவன் யாராவது உயிரோடு இருந்தால் பிற்பாடு மாட்டிக்கொள்வோமே என்று, வாழ்க்கையில் முதல்முறையாகக் கடைசிப் பத்தியைப் பார்த்தேன். ‘தெரிவித்தவர் பெயர், விலாசம், கையெழுத்து.’ சத்திரத்து வாட்ச்மேன். சரி, மற்றவர்களுக்கு? பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வாட்ச்மேன், ஆஸ்பத்திரி ஆள், வாட்ச்மேன், வாட்ச்மேன். வேர்க்கடலை அறுவடையைச் சொல்லிப் பெரியப்பா தள்ளிவிட்ட பரதேசியிடம் வந்தேன். சுமார் நாற்பது, காய்ச்சல். நான் வேலைக்குச் சேர்வதற்கு நாலு வருஷம் முந்தியது. தெரிவித்தவர் என்ற இடத்தில் சித்தியின் பெயர். எங்கள் தெரு. எங்கள் கதவு எண். அஞ்சாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவளின் குண்டு குண்டு எழுத்தில் கையெழுத்து.

பெர்மிஷன்கூடச் சொல்லாமல் வீட்டுக்கு ஓடினேன். சித்தி பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“சித்தி, அந்தப் பரதேசி யாரு?” என்றேன். எந்தப் பரதேசி என்று அவள் கேட்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

“உங்க சித்தப்பாதான்” என்றாள். “செங்கம் ரோட்டு மண்டபத்துல சாமியாருங்களுக்குச் சோறு போடப் போயிருந்தேன். தாடியும் சடையுமா ஒருத்தரு. மொத உருண்டையப் பிசைஞ்சி எலை ஓரமா ஒதுக்கி வச்சாரு. நாலு வருஷம் பக்கத்துல உக்காந்து பாத்த கையிடா அது, தெரியாதா?”

“அவருக்கு உன்னத் தெரிஞ்சிதா?”

“தெரிஞ்சிதா இல்லையா, அந்த அண்ணாமலையானுக்குத்தான் வெளிச்சம். நிமிர்ந்து பாத்து, ‘அம்மா, கொஞ்சம் உப்பு’ன்னாரு. தாலி கட்டனவளப் பாத்து அம்மாங்கறாரு.” சித்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. “அப்பறம் காய்ச்சல். எட்டு நாளு கஞ்சி கொண்டுபோனேன். ஒம்பதாம் நாளு வெறச்சிக் கெடந்தாரு. பொதைக்கணும்னா சீட்டு வாணும்னாங்க. எவனும் கையெழுத்துப் போட வரல. நான் போட்டேன்.”

“பேர் தெரியாதுன்னு ஏன் சொன்ன?”

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. நான் அவளைப் பார்த்த இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

“வேற இன்னாடா சொல்லச் சொல்ற? பேரச் சொல்லியிருந்தா அன்னிக்கே என்ன மூலையில உக்கார வச்சிருப்பீங்க. அந்த ஆளு எனக்கு ஒரு புள்ளையக் குடுத்தாரா, ஒரு வார்த்த நல்லதாக் குடுத்தாரா? நெத்தியில வச்ச இந்தப் பொட்டு ஒண்ணுதான் குடுத்தாரு. செத்து அதையும் புடுங்கிக்கணுமா? வருஷா வருஷம் அவரு செத்த நாளு வந்தா ஒரு ஏழைக்குச் சோறு போட்டுட்டுத்தான் நான் சாப்பிடறேன். எந்த ஆத்மாவும் வாசல்ல நிக்கல. போய் உங்க பெரியப்பாவாண்ட சொல்லணும்னா சொல்லு.”

நான் சொல்லவில்லை. பெரியப்பாவிடம், “அந்தப் பரதேசிக்கு ஆந்திராவிலேருந்து அண்ணன் தம்பிங்க வந்து பேரப் பதிஞ்சிட்டாங்க. இனிமே எழுதினா ஜெயில்தான்” என்று ஒரு புளுகு புளுகினேன். என் வாழ்நாளில் நான் செய்த சர்க்கார் சேவை அது ஒன்றுதான்.

“பரதேசிக்குக்கூட கூடப்பொறந்தவன் தேடிட்டு வரான். எனக்கு வாச்சது பாரு!” என்று பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். வேறு பிணம் தேடுவதற்குள் வேறு ஜோசியர் கிடைத்தார். அவர் கோளாறு ஆத்மாவில் இல்லை, செவ்வாயில் என்றார். செவ்வாய்க்குச் சாவுத் தேதி தேவைப்படவில்லை. ஆறே மாதத்தில் போளூர்ப் பக்கம் ஒரு வரன் கேசரியும் தின்று, கடிதாசியும் போட்டது.

கல்யாணத்தில் நலங்கு வைக்க ஐந்து சுமங்கலிகள் வேண்டும். நாலு பேர்தான் வந்து நின்றார்கள். பெரியம்மாவின் தங்கை கடைசி நேரத்தில் வரவில்லை. முகூர்த்த நேரம் நெருங்க நெருங்கப் பெரியப்பா பந்தலில் குதித்தார். பிறகு திடீரென்று சமையல்கட்டைப் பார்த்துக் கத்தினார்.

“அடடா, நம்ம வூட்லயே இருக்கறப்ப எங்கெங்கயோ தேடறனே! நீ வாம்மா. நீ மொதல்ல நில்லு. என் தம்பி எங்கயோ நல்லாத்தான் இருப்பான், உன் பொட்டே சொல்லுது.”

சித்தி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். எல்லோருக்கும் முன்னால் நின்று, பெண்ணின் கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ‘தீர்க்காயுசா இரு’ என்று ஆசீர்வாதம் பண்ணினாள். அந்தப் பெண் காலில் விழுந்து எழுந்தது. பந்தல் ஓரம் நின்ற என் பக்கமாக வந்தபோது சித்தி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“இருந்த வரைக்கும் ஒண்ணுத்துக்கும் ஒதவாத மனுசன்டா. செத்தப்பறம் பாரு, எவ்ளோ ஒத்தாசை.”