சித்தி வளர்த்த கருஞ்சேவல்

எங்கள் வீட்டுக் கோழிகளைக் கொன்றவர் என் பெரியப்பா. சித்தி இல்லை. இருபது வருடமாக எங்கள் குடும்பத்தில் இதை மாற்றித்தான் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

உத்தரகோசமங்கைக்கும் கீழக்கரைக்கும் நடுவில் எங்கள் ஊர். பெரியப்பா வீடு, எங்கள் வீடு, சித்தப்பா வீடு மூன்றுக்கும் ஒரே கொல்லை. சித்தப்பா கல்யாணமான நாற்பதாம் நாள் சவுதிக்குப் போய்விட்டார். கமுதிப் பக்கத்திலிருந்து வாழ வந்த சித்தி தனியாக இருந்தாள். தம்பி நல்லபடியாகத் திரும்பினால், வேறு நிறம் ஒரு பொட்டுகூடக் கலக்காத கருஞ்சேவலைக் குலசாமிக்குத் தருவதாகப் பெரியப்பா நேர்ந்துகொண்டார். நேர்ந்தது அவர், வளர்க்க வேண்டியது சித்தி. எங்கள் வீட்டு ஆண்களின் பக்தி பெரும்பாலும் அப்படித்தான்.

அண்டங்காக்கை நிறத்தில் ஒரு பெட்டைக் கோழியை வாங்கிவந்து சித்தியிடம் கொடுத்தார். கொல்லையில் இருந்த சேவல் வெள்ளை; வெள்ளையில் ஆங்காங்கே மை தெளித்தது போலப் புள்ளிகள். கருப்புக் கோழி அடை காத்து ஒன்பது குஞ்சு பொரித்தது. ஒன்பதும் சாம்பல் நிறம். ஒன்றுகூடக் கருப்பு இல்லை, ஒன்றுகூட வெள்ளை இல்லை.

பெரியப்பா கொல்லையில் நின்று தெருவுக்கே கேட்கும்படி பேசினார்.

"கருப்புக் கோழி முட்டைய எவளுக்குக் குடுத்த? எவ முட்டைய வாங்கி அடை வச்ச?"

"மாத்தல அத்தான். இதுகளையே வளத்துச் சோடி சேத்தா கருப்பு வரும். எங்க அய்யா வீட்டுல பாத்துருக்கேன்."

"சாம்பலுக்குள்ள கருப்பு ஒளிஞ்சு கெடக்காக்கும்?"

"ஆமா."

பெரியப்பா சிரித்தார். வரவில்லையென்றால் அவள் அவளுடைய அய்யா வீட்டிலேயே போய்க் கோழி வளர்க்கலாம் என்றார். சாமிக்கு விட்ட முட்டையைத் திருடியவள் என்ற பேர் அன்றைக்கே தெருவைச் சுற்றி வந்துவிட்டது.

சித்தி அழுததாக எனக்கு ஞாபகம் இல்லை. வெள்ளைச் சேவலைக் குழம்பு வைத்தாள். குஞ்சுகளில் ஒரு சேவலையும் மூன்று பெட்டைகளையும் மட்டும் வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுச் சேவல் எதுவும் உள்ளே வராதபடி கொல்லையைச் சுற்றிக் கிழிந்த மீன்வலையைக் கட்டினாள். ஏழெட்டு மாதம் காத்திருந்தாள். அந்த மூன்றும் இட்ட முட்டைகளில் பதிமூன்றைப் பொறுக்கி, மணல் நிரப்பிய மண்சட்டியில் வைத்து, ஒரு செவலைக் கோழியை அடை உட்கார வைத்தாள்.

இருபத்தோராம் நாள் காலையில் பள்ளிக்கூடப் பையோடு நான் சட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். முதல் குஞ்சு சாம்பல். இரண்டாவதும் சாம்பல். மூன்றாவது, செத்துப்போன தாத்தாச் சேவல் மாதிரி வெளிறிப் புள்ளியோடு வந்தது. நாலாவது முட்டையில் ஒரு விரிசல் விழுந்து, ஓட்டின் துணுக்கு பெயர்ந்து, உள்ளே ஈரமாக எதுவோ அசைந்தது. கருப்பு. சாம்பல் அப்பன், சாம்பல் ஆத்தாள், சிவப்புச் செவிலி, நடுவில் கரித்துண்டு போல ஒரு குஞ்சு.

சித்தி அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். சூடாக இருந்தது. அதன் நெஞ்சு என் விரலில் இடித்தது. "கண்ணுக்குத் தெரியாம உள்ளயே இருந்துருக்கு பாத்தியா தாயி," என்றாள். பிறகு நான் கல்லூரியில் விலங்கியல் படித்தேன். எந்தக் குணம் எப்படி ஒளிந்து, எத்தனைக்கு ஒன்றாக வெளியே வரும் என்று கட்டம் போட்டுக் காட்டினார்கள். எல்லாம் புரிந்தது. ஆனாலும் அன்று காலை உள்ளங்கையில் இருந்தது அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை.

தெருப் பெண்கள் வந்து பார்த்தார்கள். பெரியப்பாவும் வந்து பார்த்தார். குஞ்சின் வயிற்றில் இருந்த வெளிறிய மஞ்சள் உதிர்ந்து அங்கேயும் கருப்பு ஏறியது. சேவலானது. வெயிலில் திரும்பினால் கழுத்தில் பச்சையும் ஊதாவும் ஓடும். நான் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். சித்தப்பா ஊருக்கு வரும் தேதி போனில் வந்தது. களரிக்கு, அதாவது குலசாமி கும்பிடுக்கு, நாள் குறித்தார்கள்.

அதற்குப் பத்து நாள் முன்னால் பெரியப்பா கமுதிச் சந்தையிலிருந்து ஒரு சண்டைச் சேவலை வாங்கிவந்தார். பொன்சிவப்பு நிறம். தலை தொங்கியிருந்தது, மூக்கில் சளி. சேவல்சண்டை என்றாலே ஆகாத பெரியம்மாவுக்குப் பயந்து அதை எங்கள் பஞ்சாரக் கூடையில், கருஞ்சேவலோடு, கவிழ்த்து மூடினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சித்திகிட்டச் சொல்லிராத தாயி. உங்க பெரியம்மா காதுக்குப் போனா என்னய வீட்டுக்குள்ள விடமாட்டா."

பெரியவர் ஒருவர் என்னை நம்பி ரகசியம் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் அந்தச் சேவலைக் காணோம். யார் தலையில் கட்டினாரோ.

ஐந்தாம் நாள் எங்கள் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் என்கிற தொற்றுநோய் ஆரம்பித்தது. சித்தி சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்து ஒவ்வொரு கோழியின் வாயையும் பிளந்து ஊட்டினாள். கழுத்து முறுக்கிக்கொண்டு, இறக்கையை இழுத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. கருஞ்சேவல் மூன்று நாள் தாங்கியது. சாகும்போது அதன் முகம் வானத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

பஞ்சாரத்தைக் கழுவப் போன சித்தி, அடியிலிருந்து ஒரு பொன்சிவப்பு இறகை எடுத்தாள். எங்கள் கோழி எதற்கும், அடை காத்த செவலைக்குக்கூட, அந்தப் பொன் மினுக்கம் கிடையாது. என்னைக் கூப்பிட்டாள்.

"இங்கன வேற சேவல் வந்துச்சா தாயி?"

"இல்ல சித்தி."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி," என்றாள். இறகை அடுப்பில் போட்டாள். நான் சொன்னதை நம்பிவிட்டாள் என்று நினைத்து விளையாடப் போனேன்.

சாயங்காலம் பங்காளிகள் நடுவில் பெரியப்பா, "சாமிக்கு விட்டதைக் கொன்னுட்டா, இவ கை ஆகாத கை," என்றபோதும் அவள் வாய் திறக்கவில்லை. திறந்தால் சாட்சிக்கு நான்தான் வர வேண்டும். எட்டு வயசுப் பிள்ளையை அத்தனை ஆண்களுக்கு முன்னால் நிறுத்தி, பெரியப்பாவா நீயா, யார் பொய் என்று கேட்டிருப்பார்கள். அவள் என்னை நிறுத்தவில்லை. இறகின் நிறத்தைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொண்டவளுக்கு, என் முகம் தெரியாமலா போயிருக்கும்? எனக்குத்தான் அது அன்று தெரியவில்லை.

இன்றுவரை களரியில் சித்தியைப் பொங்கல் பானை தொடவிடுவதில்லை. நான் சொன்ன பொய்யை எழுதிவிட்டேன். பெரியப்பா உயிரோடுதான் இருக்கிறார், நன்றாகப் பேசுகிறார். வருகிற களரியில், பங்காளிகள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கும்போது, அவர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும்: அந்தச் சேவலைக் கொண்டுவந்தது யார்?