துப்பாக்கி ஸ்டாப்பில் இறங்கினோம்

காரைக்குடிக்கு எல்லோரும் பெரிய வீடுகளைப் பார்க்கப் போவார்கள். நானும் என் சித்தி மகன் தினேஷும் அடி வாங்கப் போனோம். போன சனிக்கிழமை, அரையாண்டு விடுமுறையின் முதல் நாள். காசு கொடுத்து அடி வாங்கும் அந்த விளையாட்டுக்குப் பெயர் பெயிண்ட்பால். காற்றழுத்தத்தில் இயங்கும் கருவியால், சாயம் நிரப்பிய உருண்டைகளை ஒருவர் மேல் ஒருவர் சுட வேண்டும். உருண்டை உடைந்து சட்டையில் சாயம் ஒட்டினால் அவுட்.

இவ்வளவு அவசரமாகக் கிளம்பியதற்குக் காரணம் ஒரு செய்தி. காற்றுத் துப்பாக்கிகளுக்குப் புதுக் கட்டுப்பாடு கொண்டுவர ஒரு சட்ட வரைவு வந்திருக்கிறதாம். அதன்படி, அழுத்திய காற்றால் எதையாவது வெளியே தள்ளும் கருவி எல்லாமே துப்பாக்கி. ஒவ்வொன்றுக்கும் உரிமம் வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவர்கள் தொடக் கூடாது. (அந்தக் கணக்கில் மொச்சைக் குழம்பு சாப்பிட்ட தினேஷும் உரிமம் எடுக்க வேண்டும் என்றேன். அவன் சிரிக்கவில்லை.) எனக்குப் பதினாறு, அவனுக்குப் பதினேழு. கதவு சாத்துவதற்குள் ஒரு தடவையாவது உள்ளே போய்விட வேண்டும் என்று நினைத்தோம்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை 6.40க்குப் பேருந்து ஏறினோம். மேலூர், திருப்பத்தூர் வழி. தலைக்கு எழுபத்தைந்து ரூபாய். ஒன்பது மணிக்குக் காரைக்குடி புதிய பேருந்து நிலையம். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு தேவகோட்டை சாலையில் போகும் டவுன் பஸ் பிடித்தோம். பெண் என்பதால் எனக்கு இலவசம். தினேஷுக்குப் பத்து ரூபாய். வழி முழுக்க அதற்காக முறைத்தான்.

"எங்குட்டு ஆத்தா போகணும்?" என்றார் நடத்துநர்.

"அமராவதிபுதூர் தாண்டி, பெயிண்ட்பால் மைதானம்."

"அப்பிடிச் சொன்னா யாருக்குத் தெரியும்? துப்பாக்கி ஸ்டாப்புன்னு சொல்லுங்க."

உண்மையாகவே அதுதான் பெயர். சாலையிலிருந்து பார்த்தால் சீமைக்கருவேல மரங்களுக்கு மேலே தெரியும் பலகையில் ஆளுயர எழுத்தில் 'துப்பாக்கி விளையாட்டு' என்று எழுதியிருக்கிறது. கீழே சின்னதாக, வெட்கப்பட்டதுபோல, 'பெயிண்ட்பால்'. இறங்கி மண்பாதையில் ஐந்து நிமிடம் நடந்தால் மைதானம்.

நடத்துபவர் காளீஸ்வரி அக்கா. கோயம்புத்தூரில் இப்படி ஒரு மைதானத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து, குடும்பத்துக்கு இருந்த மானாவாரி நிலத்தில் தானே தொடங்கியிருக்கிறார். செம்மண் தரை, டயர் அடுக்குகள், தார் டின்கள், பனந்துண்டுகள். நாற்பது உருண்டைக்கு நானூறு ரூபாய். உடுப்பும் முகமூடியும் அதில் அடக்கம். நாங்கள் போனபோது அக்கா மைதான வாசலில் நிற்கும் அந்தப் பலகைக்கு அடியில் ஓர் ஏணியையும் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவையும் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் 'துப்பாக்கி'ய அழிக்கப் போறேன் பாப்பா. பெயிண்ட்பாலுன்னு எழுதுனா பெயிண்டுக் கடைன்னு நெனச்சு வெள்ளையடிக்க ஆள் கேட்டாய்ங்க. அதான் எங்கப்பா இப்பிடி எழுதச் சொன்னாரு. இப்ப அந்த ஒரு வார்த்தையே வினையாப் போச்சு. இதுக்குப் பேரு மார்க்கரு. துப்பாக்கி இல்ல."

அக்காவிடம் பன்னிரண்டு மார்க்கர்கள் இருக்கின்றன. பன்னிரண்டுக்கும் உரிமம், அவற்றைப் பூட்டிவைக்கத் தனி அறை, காவல் நிலையத்தில் கணக்கு என்றெல்லாம் வந்தால் சமாளிக்க முடியாது. அதைவிட, இங்கே வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்களைப் போலப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். வரைவு வந்தால் வரவு போகும் என்றேன். அக்கா சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் முன்பைவிட வாடியிருந்தது.

விளையாட்டை நடத்துவது அவருடைய தம்பி பாண்டி அண்ணன். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் விசில். விதி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "மைதானத்துக்குள்ள முகமூடியக் கழட்டக் கூடாது. மூச்சு முட்டுனாலும், வேர்த்துக் கொட்டுனாலும். கண்ணாடி மங்குச்சுன்னா கையத் தூக்குங்க, நான் வந்து வெளிய கூட்டிட்டுப் போறேன்."

தேவகோட்டையிலிருந்து வந்திருந்த ஆறு கல்லூரி அண்ணன்கள் எதிரணி. எங்களோடு சாக்கோட்டைப் பையன்கள் நாலு பேர். முதல் ஆட்டத்திலேயே என் முதுகில் ஐந்து பச்சை. கணக்குப் பரீட்சையில் விழாத மார்க் எல்லாம் இந்த மார்க்கரால் விழுந்தது. வலித்ததா என்றால், ஆமாம், ரப்பர் பேண்டைத் தெறிக்கவிட்டதுபோல. மறுநாள் கன்றிப்போகும். அவ்வளவுதான்.

இரண்டாவது ஆட்டத்தில் நானும் தினேஷும் ஒரே டயர் அடுக்குக்குப் பின்னால் பதுங்கியிருந்தோம். "டேய், நம்ம ரெண்டு பேரும் இப்போ டயர்டு இல்லடா, டயரடி," என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்த மூச்சில் அவன் முகமூடியின் கண்ணாடி மங்கியது. துடைக்க அதை நெற்றிக்குத் தூக்கினான்.

விசில் சத்தம் காதைக் கிழித்தது. "சுடாதீக! எல்லாரும் கீழ போடுங்க! கீழ!"

அதற்குள் எதிரிலிருந்து கிளம்பிவிட்ட ஓர் உருண்டை தினேஷின் காதுக்குப் பக்கத்தில், டயரில் பட்டு உடைந்தது. மஞ்சள். அவன் கன்னத்தில் இரண்டு துளி தெறித்தது. பாண்டி அண்ணன் ஓடிவந்து முகமூடியை அவன் முகத்தில் இறக்கி அழுத்திப் பிடித்தபடியே எங்களை வெளியே கூட்டிப்போனார். ஆட்டம் இரண்டு அணிக்கும் முடிந்தது.

"பெயிண்டுதானண்ணே," என்றான் தினேஷ்.

"எனக்கு வந்தது கொக்குக்கு வச்ச குண்டுதான் தம்பி."

வேர்வையைத் துடைக்கக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இடது கண் முழுக்க வெள்ளை. எட்டாவது படிக்கும்போது கண்மாய்க் கரையில் கூட்டாளி ஒருவன் காற்றுத் துப்பாக்கியால் கொக்கைக் குறிபார்த்திருக்கிறான். கொக்கு பறந்துவிட்டது.

அக்கா எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். வரைவைப் பற்றிப் பொதுமக்கள் கருத்து அனுப்பலாமாம். "நான் சொல்லச் சொல்ல நல்ல தமிழ்ல அடிச்சுக் குடு ஆத்தா. மொத வரி, 'எங்களிடம் இருப்பது துப்பாக்கி அல்ல.'"

"அதப் போடாதக்கா," என்றார் பாண்டி அண்ணன்.

"ஏன்டா?"

"பஸ்ஸுலயே துப்பாக்கி ஸ்டாப்புங்கிறாய்ங்க. மொத வரியிலயே பொய் சொன்னா ரெண்டாவது வரிய எவன் படிப்பான்?"

"அப்ப சட்டம் வரட்டுங்கிறியா? நம்ம கிரவுண்டு மூடட்டுங்கிறியா?"

"வரட்டும். எனக்கு முன்னாடியே வந்திருக்கணும்." ஏணியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "துப்பாக்கின்னு நெனச்சாத்தான்க்கா முகமூடி முகத்துல நிக்கும். வெளையாட்டுச் சாமான்னு நெனச்சதாலதான் இந்தத் தம்பி தூக்குனாப்ல. ஆனா கொக்கச் சுடுறதையும் இதையும் ஒரே தராசுல போடாதீகன்னு கேளு. அத மட்டும் கேளு."

அக்கா கைபேசியை என்னிடமிருந்து வாங்கினார். நான் அடித்திருந்த முதல் வரியை அவரே அழித்தார். கடைசியில் போனது இப்படித்தான் தொடங்கியது: "எங்களிடம் பன்னிரண்டு துப்பாக்கிகள் இருக்கின்றன. அவை சாயம் சுடும். அவற்றைக் கையாள எங்களுக்குக் கண்டிப்பான விதி வேண்டும். ஆனால் அது இந்த விளையாட்டுக்கென்று தனியாக வகுத்த விதியாக இருக்கட்டும்." அதன் கீழே முகமூடி, பெற்றோர் சம்மதம், மைதானத்துக்கு வெளியே கருவியைக் கொண்டுபோகத் தடை. அனுப்பியதும் பாண்டி அண்ணன் ஏணியை மடக்கினார். பெயிண்ட் டப்பா திறக்கப்படாமலே கொட்டகைக்குப் போனது.

இதை எழுதும்வரை பதில் எதுவும் வரவில்லை என்று அக்கா சொன்னார். அதனால் கிளம்பும் முன் மைதானம் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். விதி மாறியிருந்தால் பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்கள் திரும்பி வர வேண்டியிருக்கும். பத்து மணிக்குள் போய்விடுங்கள். பதினொன்றுக்கு மேல் செம்மண் சுடும், அதற்கு உரிமம் தேவையில்லை. முழுக்கைப் பழைய சட்டை, ஷூ, மாற்றுத்துணி அவசியம். சாயம் தண்ணீரில் போய்விடும். போக வர, சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு எழுநூற்று இருபது ரூபாய் ஆனது.

முகமூடி மங்கினால் கையைத் தூக்குங்கள், முகமூடியைத் தூக்காதீர்கள். இதில் சிலேடை எதுவும் இல்லை.

மதுரை திரும்பும் பேருந்தில் தினேஷ் ஜன்னலோரம் தூங்கிப்போனான். கன்னத்தில் அந்த இரண்டு மஞ்சள் துளி காய்ந்திருந்தது. தூங்குகிறவன் முகத்தில் மீசை வரைவது என் பழக்கம்; பேனாவும் பையில் இருந்தது. எடுக்கவில்லை. மேலூர் வரைக்கும் மூடியிருந்த அந்த இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.