காயும் வரை கை வைக்கக் கூடாது

நோயல் அண்ணன் டீ குடித்த டம்ளரை வீடு முழுக்கத் தேடித்தான் எடுக்க வேண்டும். ஒரு இடத்தில் நின்று குடிக்கமாட்டார். பேசிக்கொண்டே நடந்து, மாடிப்படியிலோ தண்ணீர்த் தொட்டி மேலோ பக்கத்து வீட்டு ஜன்னல் கட்டையிலோ வைத்துவிட்டுப் போய்விடுவார். அவர் மனைவி சாரா அக்கா சாயங்காலம் தையல் கம்பெனியிலிருந்து வந்ததும் முதலில் டம்ளர்களைப் பொறுக்குவார். அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவார்.

ராயபுரத்தில் அவர்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் நான் குடியிருக்கிறேன். கள்ளக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் வம்சத்தில் முதல் டிகிரி என்னுடையது, பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. திருவொற்றியூரில் ஒரு பெயின்ட் கம்பெனி லேபில் வேலை. இதை நான் சொல்லாத ஆள் இந்தத் தெருவில் இல்லை என்பதால் அண்ணன் எனக்கு வைத்த பேர் பட்டதாரி.

அண்ணன் காசிமேட்டில் பைபர் படகு ரிப்பேர் பார்த்தவர். படகை அங்கே போட்டு என்பார்கள். கல்லில் மோதிக் கிழிந்த படகு வந்தால், கிழிந்த இடத்தை மிஷினால் தேய்த்து, மேட்டு என்கிற கண்ணாடி நார்ப் பாயை விரித்து, பிசின் மாதிரி ரெசினைத் தடவி, இறுகியதும் மறுபடி தேய்க்க வேண்டும். அந்தத் தேய்ப்பில் பறக்கிற தூள் வருஷக்கணக்கில் அவர் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. இனிமேல் மிஷின் பிடித்தால் என்னிடம் வரவே வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாக சாரா அக்கா சொல்வார். அண்ணனைக் கேட்டால், "கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுக்கச் சொன்னாருப்பா" என்பார். ஒரே டாக்டர்தான். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனார்கள்.

பட்டறை நடத்துகிற அப்பாவு அண்ணனிடமிருந்து தினமும் போன் வரும். "எப்ப வர்ற மாமு?"

"தோ வர்றேண்ணே. அடுத்த வாரம்."

வரமாட்டேன் என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை. ஒவ்வொரு போனுக்கும் சாரா அக்காவின் முகம் சுருங்கும். இந்த மனுஷன் என்றைக்காவது ஒருநாள் டம்ளரை வைத்துவிட்டு நேராகப் பட்டறைக்குப் போய்விடுவார், அப்புறம் ஆஸ்பத்திரிதான் என்று அவருக்குப் பயம்.

இப்படி இருக்கும்போதுதான் போனில் ஒரு வீடியோ பார்த்தார். ஒரு பெண் மரத்தட்டில் நீல நிறத்தைக் கவிழ்த்து, வெள்ளையை ஓரத்தில் ஊற்றி ஹேர் டிரையரால் ஊதுகிறாள். கடலலை மாதிரியே நுரை விரிகிறது.

"இது இன்னா தெரியுதா பட்டதாரி? ரெசினு. நம்ம ரெசினு. இத்த நான் தூங்கிகினே பண்ணுவேன்."

மறுநாளே பாரிஸ் கார்னர் போய் ஒரு செட் வாங்கி வந்துவிட்டார். ரெசின் ஒரு பாட்டில், அதைக் கெட்டியாக்குகிற ஹார்ட்னர் ஒரு பாட்டில், கலர், ரப்பர் மாதிரி வளைகிற அச்சு. மாடியில் காலியாக இருந்த இன்னொரு அறை அவருடைய கடையானது. சாரா அக்கா விதித்தது இரண்டு கண்டிஷன்: மூக்குக்கு மாஸ்க், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். முதல் தடவையே இரண்டையும் மறந்தார்.

முதல் ஊற்றில் பிளாஸ்டிக் கப்பே சூடேறி வளைந்துவிட்டது. புகை வந்தது. உள்ளே இருந்தது மஞ்சளாகி, விண்டு, கருப்பட்டிக் கட்டி மாதிரி நின்றது. நான் ஓடிப்போய் மாஸ்க்கை நீட்டியபோது அண்ணன் கப்பை முறைத்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ ஹார்ட்னர் ஊத்துனீங்க?"

"கண்ணளவுதான். மப்பா இருந்துச்சா, அதான் கூட ஒரு மூடி."

வானம் மப்பு போட்டால் ஒரு மூடி கூட. படகுக்காரர்களுக்கு அது கையோடு வந்த பழக்கம். படகு ரெசினில் அது செல்லும். அங்கே ஹார்ட்னர் வெறும் தீக்குச்சி, கொளுத்திவிட்டால் மீதியை ரெசினே பார்த்துக்கொள்ளும். இந்த ரெசினில் ஹார்ட்னரும் சேர்ந்துதான் கெட்டியாகிறது. எடை போட்டுத்தான் கலக்க வேண்டும். நான் படித்ததை எல்லாம் திரட்டி அவருக்கு ஒரு வழியில் சொன்னேன்: "அண்ணே, இதுல ரெசின் பொண்ணு, ஹார்ட்னர் மாப்பிள்ளை. இன்னொரு மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்தா கல்யாணம் நடக்காது."

"அடிதடிதான் நடக்கும்" என்றார். சமையல்கட்டுத் தராசு மாடிக்கு வந்தது.

அப்புறமும் ஒன்றும் சரியாக வரவில்லை. காரணம் வேறு. பட்டறையில் ஒரு மேட்டு போட்டதும் விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். விரலில் ஒட்டினால் பொறு, ஒட்டாவிட்டால் அடுத்த மேட்டு. அரைமணிக்குள் தெரிந்துவிடும். இது ஒரு ராத்திரியும் பகலும் கேட்கிறது. அண்ணனுக்கு அந்த ராத்திரி ஆகாது. மெதுவாகக் கதவைத் திறப்பார். குனிவார். ஆட்காட்டி விரல் தானாக நீளும். சாவி வளையம், கடிகாரத் தட்டு, மேரி மாதா படம் பதித்த பலகை, எல்லாவற்றிலும் நடுவில் ஒரு கைரேகை.

"போலீசு வந்தா வேற சாட்சியே வேணாம்" என்றார் சாரா அக்கா.

அவர் கம்பெனியில் கூட வேலை பார்க்கிற யசோதரா அந்த வாரம் வீட்டுக்கு வந்தாள். வியாசர்பாடிப் பெண். புத்தர் படத்துக்கு முன்னால் அவளுக்குக் கல்யாணமாகிச் சில மாதம்தான். ஒரு டப்பா நிறைய வெள்ளை மணலை நீட்டினாள். அதற்குள் கல்யாண மாலையின் பூக்கள், அவளே ஈரம் எடுத்து வைத்திருந்தாள்: சம்பங்கி, ரோஜா இதழ், மாலை நடுவில் தொங்கிய ஒரு தாமரை மொட்டு. அதையெல்லாம் ரெசினுக்குள் பதித்துத் தர வேண்டுமாம்.

கைரேகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணா, கைநாட்டு எனுக்கு வாணாம். பூ மட்டும் போதும்."

"உனுக்கு கண்ணாடி மாரி வரும்மா."

"இது போச்சுன்னா வேற இல்ல, தெரியுமில்ல? கோயம்பேட்டுப் பூவ வாங்கி வெச்சி டபாய்க்கலாம்னு பாக்காத. எம்பூ எனுக்குத் தெரியும்."

"போச்சுன்னா நான் மறுபடி பட்டறைக்கே போறேன், போ" என்று சிரித்தார். சாரா அக்கா சிரிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஊற்றினோம். தராசு, மாஸ்க், ஜன்னல், எல்லாம் முறைப்படி. கொஞ்சம் ஊற்றிக் குமிழியை விரட்டி, பூவை அடுக்கி, மேலே மீதியை ஊற்றினார். அந்த நேரம் மட்டும் அவர் ஆடாமல் அசையாமல் இருந்தார். முடிந்ததும் அறையைப் பூட்டிச் சாவியை என் கையில் வைத்தார்.

"நான் கேட்டாக்கூட குட்காத."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என் கதவைத் தட்டினார். "சாவி குடு."

"நீங்கதான் குடுக்காதேன்னீங்க."

"அது நேத்து சொன்ன நோயலு. இப்ப வேற ஆளு கேக்குறேன்."

"ராத்திரிதாண்ணே."

"கண்ணால பாக்குறேன்பா. கைய பின்னால கட்டிக்கிறேன்."

"ராத்திரி."

படியில் இறங்கினார். ஏறினார். தெருமுனை வரைக்கும் போய்விட்டு வந்தார். மாடியைக் கூட்டினார், கூட்டின இடத்தையே மறுபடி கூட்டினார். கடைசியில், "வா, நடக்கலாம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். மீன் லாரிகளுக்கு நடுவில் புகுந்து, ஐஸ் தண்ணீர் வழிகிற ரோட்டைத் தாண்டி, அவர் கால் அவரைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் அப்பாவு அண்ணனின் பட்டறை.

ஞாயிறு என்பதால் மிஷின் ஓடவில்லை. கூடாரத்தின் கீழே ஒரு படகு குப்புறக் கிடந்தது. அடிவயிறு முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அப்பாவு அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

"வாடா மாப்ள. ஊட்டுல பூ சுத்தறியாமே? ரோட்டுல பேசிக்கிறானுங்க."

"பூ சுத்தல. பூவ போடுறேன்."

"இன்னா கெடைக்கும் அதுல? இத்தப் பாரு. நெட்டுக்குப்பத்துப் போட்டு. நீதான் பாக்கணும்னு சொல்லிட்டான். மத்தவன் கை வெச்சா தண்ணி உள்ள வருதாம். நீ தேய்க்க வாணாம், அத்த பசங்க பாப்பானுங்க. மேட்டு மட்டும் போடு."

அண்ணன் கிழிசலின் ஓரத்தில் விரலை ஓட்டினார். சும்மா ஓட்டினதுதான். விரல் நுனியில் வெள்ளைத் தூள். அதைப் பார்த்ததற்கே ஒரு தடவை இருமினார். மேட்டு மட்டும் போடுகிற ஆள் பட்டறையில் கிடையாது என்று எனக்கே தெரியும். பக்கத்தில் ஒருத்தன் தேய்த்தால் தூள் ஆளைப் பார்த்தா போகும்?

"நாளைக்குச் சொல்றேண்ணே" என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம், "மேட்டு மட்டும்தான். இன்னா ஆயிடும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

ராத்திரி அவர் கேட்டபோது நான் தூங்கிவிட்டதாக நடித்தேன். திங்கட்கிழமை காலையில்தான் கதவைத் திறந்தோம். அச்சைப் பின்னுக்கு வளைத்ததும் கட்டி வழுக்கி வந்தது. இறுகியிருந்தது. கண்ணாடி மாதிரியேதான். சம்பங்கி காற்றில் நிற்பது போல் நின்றது. கைரேகை இல்லை. அண்ணன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அப்புறம் கட்டை விரலால் மேற்பக்கத்தைத் தடவினார். விரல் ஒரு இடத்தில் தடுக்கியது.

தாமரை மொட்டு மேலே மிதந்து வந்திருக்கிறது. அதைச் சுற்றி ரெசின் ஏறி, ஒரு பரு மாதிரி மேடு.

"ஓரம் வேற கத்தியாட்டம் கீது" என்றார். "தேய்க்கணும்."

தேய்ப்பு வேண்டாம் என்றுதானே இந்த வேலைக்கே வந்தார்.

எனக்கு இரண்டாவது ஷிப்ட். குளித்துவிட்டு வெளியே வந்தபோது அண்ணன் இல்லை. கொஞ்ச நேரத்தில் சாக்குப்பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கேட்காமலே தெரிந்தது, அப்பாவு பட்டறை மிஷின். அன்றைக்கு உடம்புக்குச் சரியில்லை என்று லீவு போட்டிருந்த சாரா அக்கா வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"இன்னா அது?"

"ஒரே ஒரு மொட்டு, சாரா. ரெண்டு நிமிசம்."

"ஒரே ஒரு போட்டுன்னுதான் ஒவ்வொரு தபாவும் போன."

"இதுல நாரு இல்லம்மா. வெறும் ரெசினு."

"ஏன்பா கெமிஸ்ட்ரி" என்று என் பக்கம் திரும்பினார் அக்கா. "வெறும் ரெசின் தூளு நெஞ்சுக்குப் போனா நல்லதா?"

"நல்லதில்லக்கா."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அந்த மாத வாடகையே ஏறியிருக்கும்.

"அப்ப அவ பூவ இன்னா பண்றது? அப்பிடியே குடுக்கவா? சிரிப்பா."

"தண்ணி வெச்சு தேய்க்கலாம்ணே" என்றேன். "வாட்டர் பேப்பர்னு உப்புத்தாள் இருக்கில்ல. தூள் தண்ணியிலயே நின்னுடும்."

"அது எனக்குத் தெரியாதா? பட்டறைக்குப் புதுசா வர்றவனுக்கு அந்த வேலையத்தான் குடுப்போம். ஒக்காந்து, கையால. எவ்ளோ நேரமாவும் தெரியுமா?"

"நீயும் புதுசுதான இதுக்கு" என்றார் சாரா அக்கா. சாக்குப்பையை வாங்கி வெளிப்படியில் வைத்தார். "ஒக்காரு."

உட்கார்ந்தார். பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர், முரட்டு பேப்பர், அப்புறம் நைஸ் பேப்பர். தேய்த்தார். எழுந்தார். தண்ணீர் மாற்றினார். உட்கார்ந்தார். ஒரு காலை நீட்டினார், மடக்கினார், யாரையோ திட்டினார், யாரை என்று தெரியவில்லை. மேடு அடங்கியதும் இன்னொரு பயம் வந்தது. தேய்த்த இடமெல்லாம் மூடுபனி மாதிரி மங்கிவிட்டது. பூவே தெரியவில்லை.

"போச்சு. நாசமாப் பூட்டேன்."

"போகலண்ணே. மெல்லிசா இன்னொரு பூச்சு ஊத்துனா தெளிஞ்சிடும். லேப்ல நான் பாத்திருக்கேன்."

"இன்னொரு ராத்திரியா?"

"ஒரு ராத்திரி, ஒரு பகல்."

தண்ணீரைத் தொட்டு அதன் மேல் ஒரு தடவை விட்டார். ஈரமாக இருந்த அந்த நொடி மட்டும் மொட்டு தெரிந்தது, உள்ளே பத்திரமாக. காய்ந்ததும் மறைந்தது. மறுபடி தண்ணீர் விட்டார். மறுபடி தெரிந்தது. இப்படியே கொஞ்ச நேரம் விளையாடினார். கையில் ஈரம் சொட்டச் சொட்ட சாரா அக்காவின் போனை வாங்கினார்.

"யசோதரா, நோயல் அண்ணன் பேசுறேன். பூ நல்லா கீது. ஆனா நாளன்னிக்குதான் தருவேன். இல்லம்மா, கெடல. தொட்டா கெட்டுடும், அதான் தொடாம கீறேன்." எதிரே என்ன சொன்னாளோ, "ஆமா, நானேதான்" என்றார்.

நான் ஷிப்டுக்குப் போகவில்லை, போன் பண்ணி லீவு சொல்லிவிட்டேன். பூச்சு ஊற்றிக் கதவைச் சாத்தியதும் அண்ணன் சாக்குப்பையைத் தூக்கினார். சாரா அக்காவும் கூட நடந்தார், நானும் பின்னால் போனேன். பட்டறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கூடாரத்துக்கு வெளியே, தூள் வராத பக்கமாக நின்று அண்ணன் கையைக் காட்டினார். அப்பாவு அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"தேய்ச்சியா?"

"மிஷின் தேவைப்படல." பையை நீட்டினார். அப்பாவு அண்ணன் வாங்கிக்கொண்டு கிழிந்த படகைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வாய் திறந்து மூடியது. தோ வர்றேண்ணே என்றுதான் அடுத்து வரப்போகிறது என்று நான் நினைத்தேன். சாரா அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணே, எனக்காக அந்தப் போட்ட நிறுத்தி வெக்காத. வேற ஆளப் பாத்துக்கோ. நான் வரமாட்டேன்."

"அடுத்த வாரமும்?"

"எந்த வாரமும்."

அப்பாவு அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "நெட்டுக்குப்பத்தான் என்னிய கீசிடுவான்" என்றார் கடைசியில். "சரி. எம்பொண்ணுக்கு தை மாசம் கல்யாணம். மாலை எடுத்தாந்தா போட்டுத் தருவியா?"

"ஈரத்தோட எடுத்தாராத. காயவெச்சு எடுத்தா."

திரும்பும்போது அண்ணன் வழக்கத்தைவிட வேகமாக நடந்தார். இரண்டு தடவை நின்று எங்களுக்காகக் காத்திருந்தார், காத்திருக்க முடியாமல் மறுபடி நடந்தார். தெருவுக்குள் நுழைந்ததும் என் தோளைத் தட்டினார்.

"ஏம்பா பட்டதாரி, இப்ப லேசா இறுகியிருக்குமில்ல?"

"இல்லண்ணே."

"சொம்மா கேட்டேன்" என்றார்.