அக்கா தர மறுத்த வாழ்த்து

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும், அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவர் படிக்க வைத்த பிள்ளைகளுக்கும் தம்பியின் வணக்கம். அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வியப்புதான். அழுகை பிறகுதான் வருகிறது.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஆணாக வளர்க்கப்பட்டவர், பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் தான் பெண் என்று அப்பாவிடமே நேரில் சொன்னார். அப்பா பேச்சை நிறுத்திக்கொண்டார். அக்கா சிந்தாதிரிப்பேட்டையில் மற்ற திருநங்கைகளோடு போய்த் தங்கினார். காலையில் கடை கடையாகக் கைதட்டிக் காசு கேட்பார். மாலையில் லேப் டெக்னீஷியன் வகுப்பு. பஸ்ஸில் அவர் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். "நல்லதாப் போச்சுடா, புக்கு வைக்க ஒரு சீட்டு" என்று சிரிப்பார்.

படித்து முடித்து, சைதாப்பேட்டையில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் சேர்ந்தார். திருநங்கை வாழ்த்தினால் பலிக்கும் என்பது நம் ஊர் நம்பிக்கை. ஊசிக்கு வந்தவர்கள் ஆசி கேட்டுத் தலையைக் குனிவார்கள். "தலைய நிமிர்த்திட்டு கைய நீட்டுங்கம்மா" என்பார் அக்கா. பேசாத அப்பாவும் சர்க்கரை பார்க்க அவரிடம்தான் போனார்.

சித்தப்பா தி.நகரில் ஜவுளிக்கடை திறந்தார். எந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிடாத அக்காவை அதற்கு முதல் ஆளாகக் கூப்பிட்டார். அக்கா ஆசையாகப் பட்டுப்புடவை கட்டி, ஷாலினியையும் அழைத்து வந்தார். ஷாலினி, அக்கா பி.காம். படிக்க வைத்த திருநங்கை. வேலை கேட்டுப் போன இடமெல்லாம் "சொல்லி அனுப்புறோம்" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

வாசலிலேயே சித்தப்பா தாம்பாளத்தை நீட்டினார். வெற்றிலை, நாணயம், கற்பூரம். அவர் கூப்பிட்டது அண்ணன் மகளை அல்ல, கடையை வாழ்த்த ஒரு திருநங்கையை என்று அப்போதுதான் புரிந்தது.

"சித்தப்பா, நான் உங்க அண்ணன் பொண்ணு. சுத்திப் போட வேற ஆளப் பாருங்க." அக்காவின் குரல் உயரவே இல்லை.

"நல்ல நாளும் அதுவுமா வாழ்த்தாமப் போனா எப்படிம்மா?"

"பில்லு போட ஆள் தேடுறீங்களாமே? இவ பி.காம். வேலை குடுங்க, கடை தானா நல்லாருக்கும்."

சித்தப்பா வாடிக்கையாளர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜனங்க பில்லு கரீட்டா கீதான்னுதான் பாப்பாங்க சார். நான் கரீட்டா போடுவேன்" என்றாள் ஷாலினி.

"நாளைக்கு வா" என்றார் சித்தப்பா, தாம்பாளத்தை உள்ளே கொடுத்துவிட்டு. அக்கா அன்று கடைசிவரை வாழ்த்தவில்லை. பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்தத் துணிச்சலை இன்றும் வாய் பிளந்துதான் நினைத்துக்கொள்கிறேன். அதன்பின் எத்தனையோ பிள்ளைகள் அக்காவால் வேலைக்குப் போனார்கள்.

புற்றுநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. போன ஆடியில் ஒரு ஞாயிறன்று ஷாலினி லீவு போட்டுவிட்டு வந்து காலடியில் உட்கார்ந்தாள். "தள்ளுபடி நேரத்துல இங்க இன்னாடி பண்ற? அங்க யாரு பில்லு போடுவா? கிளம்பு" என்று விரட்டினார். அவள் கடைக்குப் போனாள். அன்று மதியமே அக்கா கண்ணை மூடிவிட்டார்.

பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்களுக்கும், அடையாறிலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்த தோழிகளுக்கும், மகளுக்குச் செய்வதுபோல் முன்னின்று எல்லாம் செய்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

தங்கை ஷாலினிக்கு மட்டும் ஒரு வார்த்தை. கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லையே என்று இன்னும் அழுகிறாய். அந்த நேரத்தில் நீ கல்லாவில் இருந்தாய், முன்னால் நீண்ட வரிசை. அதில் ஒருவர்கூட உன்னிடம் வாழ்த்துக் கேட்கவில்லை. பில் மட்டும்தான் கேட்டார்கள். அக்கா உன்னை அனுப்பியது அதற்குத்தானம்மா.