காரின் மூக்கில் கட்டிய மாலை

சித்தப்பாவின் கார் மேட்டுக்கு ஆகாது என்பது எங்கள் ஊர் பெருமாட்டியில் எல்லோருக்கும் தெரியும். சித்தப்பாவுக்கு மட்டும் தெரியாது.

இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரைக்குப் பதில் துணி போட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. யாரோ ஒரு மில் முதலாளியின் தோப்புக் கொட்டகையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த வண்டியைக் கொண்டுவந்து, தன் கையாலேயே ஓட வைத்திருந்தார். சமதரையில் பறக்கும். ஏற்றம் வந்தால் இன்ஜின் ஆயில் சூடேறித் தண்ணீர் மாதிரி இளகிவிடும். ஆயில் அழுத்தம் காட்டும் முள் அப்படியே படுத்துக்கொள்ளும்.

அப்போதுதான் மலைமேல் இருக்கும் காந்தலூரிலிருந்து காய்கறி லாரிக்காரரிடம் அத்தை சொல்லி அனுப்பினாள். மகளுக்குக் காதுகுத்து. ஒரு மாமனாவது வர வேண்டும்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் மடியில் உட்கார வைப்பார்கள். அந்தப் பேச்சை அத்தை ஆயுசுக்கும் கேட்க வேண்டியிருக்கும். அத்தை தன் இஷ்டப்படி அந்த மலையில் பூண்டு விளைவிக்கிறவரைக் கட்டிக்கொண்டவள். அன்றைக்கே அப்பா, "அந்த மலெயில நான் காலு வெக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். டிராக்டர் ஓட்டுகிறவர், சொன்ன வழியை விட்டுத் திரும்பத் தெரியாது.

"நான் போறனுங்ண்ணா. என்ற காருலயே போறேன்" என்றார் சித்தப்பா.

"உன்ற காரு சின்னாறு தாண்டுனா என்ற மீசெயச் செரெச்சுக்கறேன்" என்றார் அப்பா.

பஸ் இருந்தது. அந்தப் பேச்சுக்குப் பிறகு சித்தப்பாவுக்குப் பஸ் கண்ணில் படவில்லை.

கோயமுத்தூர்ப் பழைய சாமான் கடையிலிருந்து ஓர் ஆயில் கூலரைக் கொண்டுவந்தார். பார்க்க ரேடியேட்டரின் குட்டி மாதிரி இருக்கும். உள்ளே ஆயில் ஓடும். வெளியே தகடுகளுக்கு நடுவில் காற்றுப் புகுந்து அதைக் குளிர வைக்கும். எந்த வண்டி நொறுங்கி வந்த சாமானோ, தகடெல்லாம் நசுங்கியிருந்தது. ஒவ்வொன்றையும் சீப்பின் பல்லால் நிமிர்த்தினார். அம்மாவின் சீப்பு. உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினார். முதலில் தார் மாதிரி வந்தது. தெளிவாக வரும்வரை விடவில்லை.

பிறகு ஒரு வாயை அடைத்து, இன்னொரு வாயில் சைக்கிள் பம்ப்பை மாட்டி, மாட்டுத் தொட்டித் தண்ணீரில் முக்கினார். குமிழி வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. எனக்குப் பேச்சுதான் அதிகம் வராது. பார்க்க நன்றாக வரும். ஓரத்தில் ஒரு குமிழியைக் காட்டினேன். அந்த ஓட்டையைப் பற்றவைத்துவிட்டு வந்து மறுபடி முக்கினார்.

"ஏனுந்தம்பி, மாடு தண்ணி குடிக்க மாட்டீங்குது. உங்க காருக்கே பாலு கறந்துக்குங்க" என்று அம்மா கத்தினாள். தொட்டியை எத்தனை கழுவியும் மண்ணெண்ணெய் வாசம் போகவில்லை.

கிழிந்த டயரை வெட்டி மெத்தையாக வைத்து, இரும்புப் பட்டையில் கூலரைக் காரின் மூக்குக்குப் பின்னால் முடுக்கினார். குழாய்களை மாட்டி, ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

கிளம்புகிற அன்று விடியலில் அப்பா எங்கோ போய்விட்டு, சம்பங்கியும் ரோஜாவும் நெருக்கிக் கட்டிய ஆள் உயர மாலையோடு வந்தார். அதைக் காரின் மூக்கில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, கட்டுக்கம்பி போட்டு முறுக்கினார். அப்பா எதைக் கட்டினாலும் கட்டுக்கம்பிதான். அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டாள்.

"பாத்தியா அம்மிணி, உங்கொப்பனுக்கே நம்ம காரு மேல மரியாதெ வந்துருச்சு" என்றார் சித்தப்பா. துணி, வளையல், வாழை இலையில் பொதிந்த சின்ன மாலை எல்லாம் இருந்த சீர்த்தட்டு என் மடியில்.

கேரள எல்லையில் சின்னாறு சோதனைச்சாவடியில் காவலர் காரைச் சுற்றி வந்து, "எந்தா, கல்யாணமோ? பெண்ணு எவிடே?" என்று கேட்டார். சித்தப்பா மீசையை முறுக்கிக்கொண்டார். அது அப்பாவின் மீசைக்காக.

மறையூர் ஏற்றத்தில் முள் இறங்க ஆரம்பித்தது. சூடேறிய ஆயில் வாசம் வந்தது. சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். முள் படுத்தேவிட்டது. நிறுத்தினார்.

"எல்லாஞ் சரியாத்தான பண்ணுனேன்" என்று கூலரைத் தொட்டு, விரலை உதறினார். அப்புறம் முன்னால் வந்து நின்று பார்த்தார். மாலை தகடுகளோடு தகடாக ஒட்டி வெந்திருந்தது. காற்றுப் போக ஊசிமுனை இடமில்லை.

"மாலெய எவனாச்சும் கம்பியில கட்டுவானா! வேணும்னேதான் பண்ணீருக்கறாரு" என்று குறட்டினால் கம்பிகளை வெட்டி, மாலையைப் பள்ளத்தில் வீச ஓங்கினார்.

"அது அப்பா கட்டுனது" என்றேன். அன்றைக்கு நான் பேசியது அதுதான்.

சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். மாலையை என் மடியில் போட்டார். இன்ஜின் ஆறும்வரை கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு கார் ஓரிடத்திலும் நிற்கவில்லை, முள்ளும் இறங்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். குழந்தை பக்கத்து வீட்டுப் பெரியவர் மடியில் இருந்தது. சித்தப்பா கரிக்கையோடு ஓடிப்போய் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அத்தை மூச்சு விட்டாள்.

நான் இலைப் பொதியைப் பிரித்துச் சின்ன மாலையை நீட்டினேன். அத்தை அதை வாங்கவில்லை. சீர்த்தட்டின் மேல் கிடந்த பெரிய மாலையைப் பார்த்தாள். அதில் தொங்கிய கம்பித் துண்டைத் தொட்டாள்.

"இது பெரியண்ணன் கட்டுனாங்களா?"

தலையாட்டினேன். அத்தை பாதி கருகி, ஆயில் வாசம் அடித்த அந்த மாலையை எடுத்து மகள் கழுத்தில் போட்டாள். குழந்தை தும்மியது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். புது மாலை இருக்க இதைப் போட்டு அத்தை எங்கள் காரைக் குத்திக்காட்டுகிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் ஊர் வந்து சேர்ந்தோம். கார் மலை ஏறியதா என்று அப்பா கேட்கவில்லை.

"மாலெ போய்ச் சேந்துச்சா அம்மிணி?" என்றார்.

"சேந்துச்சுங்ப்பா. கருகிப்போச்சு. அத்தெ அதெத்தான் பாப்பாவுக்குப் போட்டாங்க" என்று கோள் மூட்டினேன்.

அப்பா மாட்டுத் தொட்டிப் பக்கம் போனார். குனிந்து நின்று வெகுநேரம் முகம் கழுவினார். நிமிர்ந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. அந்தத் தண்ணீரில் இன்னும் மண்ணெண்ணெய் இருக்கிறது என்று முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன்.