அசீனா இருக்க முடியாத இத்தா

என் தோழி அசீனா வாழ்க்கைப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துக்கு அடுத்த தெருவில். அவள் கணவர் பிச்சை முகம்மதுவுக்குக் கொழும்பில் துணிக்கடை. வாந்திபேதியில் அங்கேயே இறந்தார். நாங்களும் அப்போது அங்கேதான் இருந்தோம்; அடக்கம் செய்தவர்களில் என் அத்தாவும் (அப்பா) ஒருவர். அதன்பின் அத்தாவின் வியாபாரம் எங்களைக் காலி, யாழ்ப்பாணம் என்று அலைக்கழித்தது. ஐந்து மாதம் கழித்து ஊர் திரும்பியதும் அவளிடம்தான் ஓடினேன். வெள்ளைச் சேலையில், அழுது ஓய்ந்த முகத்தோடு இருப்பாள் என்று நினைத்தேன்.

கை நிறையச் சிவப்பு வளையல்களோடு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, வந்துட்டியா! அவியளப் பாத்தியா? எளச்சிட்டாகளா?"

என் கண்ணீர் சொல்லிவிட்டது.

கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் துக்கம் காப்பதுதான் இத்தா. செய்தி வந்தபோது நாத்தனார் நசீமாவின் கல்யாணம் நெருங்கியிருந்தது. அது முடியட்டும் என்று மாமியார் வீட்டில் மறைத்தார்கள். பிறகு மறுவீட்டு விருந்து முடியட்டும் என்றார்கள். பிறகு, சிரிப்பவளை ஏன் அழவைப்பது என்று இருந்துவிட்டார்கள். கடிதம் வரவில்லையே என்று அவள் கேட்டபோதெல்லாம், வியாபாரம் மும்முரம் என்றார்கள். தெருவுக்கே தெரியும். அவளுக்கும் நசீமாவுக்கும் மட்டும் தெரியாது.

அவர்கள் கொடியவர்கள் இல்லை. எத்தனை பேர் சந்தோஷமாக இருப்பார்கள் என்று பார்த்தார்கள். அசீனாவையும் அதில் ஒருத்தியாகத்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

"பெத்தவ நானே வயித்த அமுக்கிக்கிட்டுக் கொலவ போட்டேன்" என்றார் மாமியார் அப்ரோஸ் பேகம். "நீ அழுதிருந்தா அம்புட்டுப் பேரு சந்தோசமும் போயிருக்கும். சொன்னா எம் மவன் எந்திரிச்சு வந்துருவானாட்டி?"

"நீங்க அமுக்குனது ஒங்க அழுகைய, மாமி. என் அழுகைய அமுக்க நீங்க யாரு? கல்யாணத்துல என்னையப் பாட்டுப் படிக்கச் சொன்னீகளே!"

இன்றைக்கே இத்தா இருக்கிறேன் என்றாள். பள்ளிவாசல் லெப்பை வந்து திரைக்கு அப்பாலிருந்து பேசினார். இத்தாவுக்குக் கணவன் இறந்த நாளிலிருந்துதான் கணக்கு. தெரியாமலே அது கழிந்துவிட்டது, இனி இருக்க வேண்டியதில்லை என்றார்.

"பாத்தியா, கஷ்டமில்லாம முடிஞ்சுபோச்சு" என்றார் மாமியார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

விதவையின் தாலியான கருகமணியை வீட்டுப் பெரிய பெண்கள்தான் கழற்றுவார்கள். அசீனா மாமியாரின் கையைத் தட்டிவிட்டுத் தானே கழற்றினாள். அன்றே ராஜபாளையத்துக்கு, அண்ணன் காதர் வீட்டுக்கு வண்டி ஏறினாள்.

அங்கே இடியாப்பம் பிழிந்து விற்கிறாள். மறுமணம் பேச வந்தவர்களை, "துக்கமே இன்னும் இருக்கலை, அதுக்குள்ள மாப்பிள்ளையா?" என்று அனுப்பிவிட்டாள்.

மறுவருடம் நசீமா கைக்குழந்தையோடு வந்து அழுதாள். "எனக்குத் தெரியாது மதினி. தெரிஞ்சிருந்தா கல்யாணமே வேண்டாம்னிருப்பேன்."

"ஒம் மாப்பிள்ள நல்லா வச்சிருக்காரா?"

"நல்லா வச்சிருக்காக."

"அப்ப நல்லா இரு. ஒங்கம்மா எங்கிட்டக் கேட்டிருந்தா, கல்யாணம் நடக்கட்டும்னு நானே சொல்லியிருப்பேன். உள்ள கதவ அடச்சுக்கிட்டு அழுதிருப்பேன். கேக்கலியே."

நசீமா குழந்தையை நீட்டினாள். அசீனா வாங்கிக்கொள்ளவில்லை.